லெஸ் பாலின் ஜி கம்பி, ஸ்ட்ராட்டின் ஹம்: வடிவமைப்புக் கோளாறா, செட்டப் கோளாறா?

மூணாங்கம்பி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இரண்டு கிட்டார்களைப் பற்றிய சந்தேகம். ஒன்று ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை: மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்), ஆறு ஸ்க்ரூ டிரெமலோ (சுருதியை அசைக்கும் கைப்பிடி உள்ள பிரிட்ஜ்), நடு பிக்கப் எதிர்ச்சுற்று. மற்றது கிப்ஸனின் லெஸ் பால் வகை: இரண்டு ஹம்பக்கர் (ஹம்மை அடக்கும் இரட்டைக் காயில் பிக்கப்), டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ். இரண்டிலும் 10-46 கம்பி.

லெஸ் பாலில் ஜி கம்பி சுருதியில் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒரு பெண்ட் போட்டால் (கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றினால்) இறங்கிவிடுகிறது. கீயைத் திருகும்போது நட் (நெக்கின் நுனியில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு) பக்கம் ‘டிங்’ என்று சத்தம். புதுக் கீ மாட்டியும் அதே கதைதான். ஸ்ட்ராட்டில் பிக்கப் சுவிட்ச் 1, 3, 5ல் ஹம் (‘உம்’ என்ற இரைச்சல்) வருகிறது, 2, 4ல் வருவதில்லை. அதோடு பன்னிரண்டாம் பிரெட்டுக்கு மேலே தடித்த ஈ கம்பி, இரண்டு சுருதி சேர்ந்து ஒலிப்பதுபோல அலைகிறது. இன்டோனேஷன் (எல்லாப் பிரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) பிடிபடவில்லை.

50களிலிருந்து மாறாத வடிவம் என்கிறார்கள். அப்போதே இந்தக் குறைகள் இருந்தனவா? இருந்தால் வாசித்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

பழுதுமேசை:

ஜி கம்பி சுருதி விடுவதற்குக் கீ காரணமாக இருப்பது அபூர்வம். நட்டைப் பாருங்கள். சோதனை எளிது. கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டு, நட்டுக்கும் கீக்கும் நடுவில் விரலால் ஒரு அமுக்கு அமுக்கி விடுங்கள். சுருதி ஏறி, விட்டதும் பழைய இடத்துக்கே வந்தால் நட் சுத்தம். ஏறின இடத்திலேயே தங்கினால் கம்பி பள்ளத்தில் சிக்குகிறது. நீங்கள் சொன்ன ‘டிங்’ அந்தச் சிக்கல் விடுபடும் சத்தம்தான்.

ஏன் ஜி மட்டும்? இரண்டு காரணம். முதலாவது ஹெட்ஸ்டாக், அதாவது கீக்கள் இருக்கும் தலை. கிப்ஸனில் பக்கத்துக்கு மூன்று கீ. நட்டைத் தாண்டியதும் கம்பிகள் விசிறிபோல விரிகின்றன. டி, ஜி இரண்டும்தான் அதிகமாக வளைந்து போகின்றன. தலையே 17 டிகிரி பின்னால் சாய்ந்திருப்பதால் கீழ்நோக்கிய அழுத்தமும் சேர்கிறது. ஸ்ட்ராட்டில் ஆறு கீயும் ஒரே பக்கம், கம்பி நேர்கோட்டில் போகிறது. அதனால்தான் அதில் இந்தப் புகார் குறைவு.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. 10-46 செட்டில் முதல் கம்பி 0.010 அங்குலம், மூன்றாவது 0.017. இரண்டின் இழுவிசையும் ஏறக்குறைய ஒன்றே, ஏழு கிலோவை ஒட்டி. ஆனால் ஜி கம்பியின் குறுக்குப் பரப்பு முதல் கம்பியைப்போல மூன்று மடங்கு. ஆகவே நட்டில் ஒரே அளவு ஒரு மயிரிழை நழுவினாலும், ஜியில் வரும் இழுவிசை மாற்றம் முதல் கம்பியில் வருவதைப்போல மூன்று மடங்கு. சுற்றுக் கம்பியில் இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மெல்லிய மையக் கம்பிதான். அதனால் 0.020 சுற்றுக் கம்பிகூட இவ்வளவு அடம் பிடிக்காது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. லெஸ் பால் வந்த 1952லும் ஸ்ட்ராட் வந்த 1954லும் எலக்ட்ரிக் கிட்டாருக்கு விற்ற செட்களில் மூன்றாம் கம்பி சுற்றுக் கம்பி. பெண்ட் அதிகம் போட விரும்பியவர்கள் பேஞ்சோ கம்பியை முதலாவதாக மாட்டி, மற்றவற்றை ஒவ்வொரு இடம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டன் அப்படிச் செய்தவர். 60களின் ஆரம்பத்தில் கலிபோர்னியாவில் எர்னி பால் மெல்லிய செட்டைத் தனியாகவே விற்க ஆரம்பித்தார். கம்பி மாறிவிட்டது, கிட்டாரின் தலை அப்படியே இருக்கிறது.

ஆல்நிகோ:

ஹம் பற்றி நான் சொல்கிறேன். சிங்கிள் காயில் என்பது காந்தத்தைச் சுற்றிய பல்லாயிரம் சுற்றுச் செம்புக் கம்பி. கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தை அது ஆண்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும். உங்கள் நடு பிக்கப் எதிர்ச்சுற்று, காந்தத் துருவமும் எதிர். 2, 4ல் இரண்டு பிக்கப் சேரும்போது ஹம் ஒன்றையொன்று அடித்துவிடுகிறது, கம்பியின் ஒலி மட்டும் கூடுகிறது. 50களின் ஸ்ட்ராட்டில் மூன்றும் ஒரே திசைச் சுற்று, 2, 4 என்ற இடமும் சுவிட்சில் கிடையாது. அன்று மூன்று நிலை சுவிட்ச்தான். வாசித்தவர்கள் அதை இரண்டு நிலைக்கு நடுவே நிறுத்தி அந்த ஒலியைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். ஃபெண்டர் ஐந்து நிலை சுவிட்சைப் போட்டது 1977ல். வாசிப்பவர் கை முதலில் போய், தொழிற்சாலை பின்னால் போன கதை.

கிப்ஸனில் ஹம்முக்குத் தீர்வு கண்டவர் அங்கே பொறியாளராக இருந்த செத் லவர். 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957ல் லெஸ் பாலில் ஹம்பக்கர் வந்தது, 1959ல் காப்புரிமை கிடைத்தது. ‘காப்புரிமை விண்ணப்பிக்கப்பட்டது’ என்ற சின்ன ஸ்டிக்கர் ஒட்டிய அந்தப் பிக்கப்களைத்தான் பேஃப் என்கிறார்கள். பிற்காலத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள 2,737,842 என்ற காப்புரிமை எண்ணைத் தேடிப் பார்த்தால் வருவது பிக்கப் அல்ல, லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞரின் பெயரில் இருக்கும் டெயில்பீஸ் (கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் பாகம்)!

செய்ய வேண்டியது: பிக்கப் குழியிலும் பிக்கார்டின் பின்புறத்திலும் செப்புப் படலம் ஒட்டுங்கள். துண்டுகள் சேரும் இடங்களில் ஒரு பொட்டு சால்டர் வைத்து, மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். பிறகு எர்த்தோடு இணையுங்கள். ஜாக்கின் சிக்னல் முனை படலத்தில் தொட்டால் சத்தமே வராது, அங்கே மட்டும் இன்சுலேஷன் டேப் போடுங்கள். இது டியூப்லைட், டிம்மர் வகை ‘ஜ்ஜ்’ இரைச்சலைத்தான் குறைக்கும். 50 ஹெர்ட்ஸ் ஹம் செப்புப் படலத்துக்கு அடங்காது. அதற்கு ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, பக்கவாட்டில் திரும்பி நிற்பதே வழி.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? சரிதான், வயரிங் நன்றாக இருக்கிறது. தொட்டால் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கும், அல்லது டிரெமலோவின் ஸ்பிரிங் கொக்கிக்குப் போகும் எர்த் வயர் விட்டிருக்கும். ஹம் போகும் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து கழற்றாதீர்கள். ஆம்பில் கசிவு வந்தால் அது கம்பி வழியாக உங்கள் கைக்குத்தான் வரும்.

தடித்த ஈ அலைவதற்குக் காரணம் பிக்கப் உயரம். ஸ்ட்ராட்டின் துருவங்கள் ஒவ்வொன்றும் தனிக் காந்தம். கம்பிக்கு மிக அருகில் வந்தால் கம்பியைப் பிடித்து இழுக்கும், அதிர்வு கோணலாகும். கடைசி பிரெட்டை அமுக்கிக்கொண்டு அளந்து பாருங்கள்: தடித்த பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6. அலைவு அப்போதும் இருந்தால் நெக் பிக்கப்பை மட்டும் தடித்த பக்கம் 3 வரை இறக்குங்கள். இன்டோனேஷனைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

ஈட்டிமரம்:

பழுதுமேசை சொன்ன நட் விஷயத்தில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கிப்ஸன் தலையைத் தப்பான வடிவமைப்பு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அமெரிக்காவின் கலமசூ ஊரில் இருந்த தொழிற்சாலையில் கிப்ஸன்காரர்கள் வயலின் மரபில், வளைந்த மேற்பலகை கொண்ட கிட்டார் செய்து பழகியவர்கள். சாய்ந்த தலை, பசையிட்டு ஒட்டிய நெக், மஹாகனி மேல் மேப்பிள் எல்லாம் அந்தக் கைப்பழக்கம். கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்தவர், அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஒரு அங்குலப் பலகையில் தலையும் நெக்கும் ஒன்றாக அறுத்து, நான்கு ஸ்க்ரூவில் மாட்டினார். கெட்டுப்போனால் கழற்றி வேறு நெக் போடலாம். வாசிக்கத் தெரியாததால் மாதிரிகளை வாசிப்பவர்களிடம் கொடுத்துக் கொடுத்துத் திருத்தினார். ஸ்ட்ராட்டின் வயிற்றுப் பக்க வளைவு, பில் கார்சன், ரெக்ஸ் கேலியன் போன்ற கிட்டார் கலைஞர்கள் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று சொன்னதால் வந்தது. ஆறு கீ ஒரே பக்கம் என்பதும் அவர் முதலில் செய்ததல்ல. பால் பிக்ஸ்பி 1948ல் கன்ட்ரி இசைக் கலைஞர் மெர்ல் டிராவிஸுக்குச் செய்த கிட்டாரில் அது இருக்கிறது.

லியோவின் தலைக்கும் விலை உண்டு. சாய்வு இல்லாததால் மெல்லிய கம்பிகள் நட்டில் அழுந்தாது, அதற்காக ஸ்ட்ரிங் ட்ரீ (தலையில் கம்பியைக் கீழே அமுக்கிப் பிடிக்கும் சின்னக் கொக்கி) வைத்தார்கள். டிரெமலோ அசைத்தால் பி, ஈ சிக்குவது பெரும்பாலும் அந்த ட்ரீயின் அடியில்தான். அடிப்பக்கத்தை 1000 நம்பர் தாளால் வழவழப்பாக்கினால் போதும்.

கிப்ஸன் ஆரம்பத்திலேயே சறுக்கியதும் உண்மை. 1952 லெஸ் பாலில் நெக் சாய்வு போதவில்லை. மேலே போக வேண்டிய கம்பிகளை டெயில்பீஸ் தண்டுக்கு அடியில் சுற்ற வேண்டிவந்தது. உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்கி வாசிக்க முடியாது. கிட்டாருக்குப் பெயர் தந்த லெஸ் பாலுக்கே அது பிடிக்கவில்லை. 1953ல் நெக் கோணத்தையும் பிரிட்ஜையும் மாற்றினார்கள். ஆக மாறாத வடிவம் என்பதே சரியில்லை. 1961ல் அந்த உடலையே கைவிட்டு, இன்று எஸ்ஜி என்று அழைக்கும் வடிவத்துக்குப் போனார்கள். ப்ளூஸ் கலைஞர் ஜான் மேயாலோடு 1966ல் எரிக் கிளாப்டன் கிட்டாரில் வாசித்த ஒலியைக் கேட்டு எல்லோரும் பழைய லெஸ் பாலைத் தேட ஆரம்பித்த பிறகுதான், 1968ல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அந்தத் தலையின் நிஜமான பலவீனம் உடைவதுதான். டிரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டு) முனையின் திருகு நட்டுக்காகத் தோண்டிய குழி, நெக்கின் மிக மெல்லிய இடத்தில் இருக்கிறது. 17 டிகிரி சாய்வில் மர இழை அங்கே குறுக்காக அறுபட்டு நிற்கிறது. மல்லாக்க விழுந்தால் அங்கேதான் போகும். 60களின் நடுவில் 14 டிகிரியாகக் குறைத்தார்கள், 1970 வாக்கில் பின்புறம் ஒரு முடிச்சுபோல மரம் விட்டார்கள். வாங்குபவர்கள் பழைய தோற்றத்தையே கேட்டதால் இரண்டும் பின்னால் போயின. சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், ஸ்டாண்டில் வையுங்கள். விரிசல் கண்டால் உடனே எல்லாக் கம்பியையும் தளர்த்துங்கள். சூப்பர் க்ளூ விட்டுப் பார்க்க வேண்டாம், அப்புறம் மரப்பசை அங்கே பிடிக்காது.

மூணாங்கம்பி:

நன்றி நண்பர்களே. அமுக்கிப் பார்த்தேன், ஜி ஏறின இடத்திலேயே நிற்கிறது. பிக்கப்பை இறக்கியதும் ஈ கம்பியின் அலைவு போய்விட்டது. நட் ஃபைல் செட் விலை அதிகமாக இருக்கிறதே, வேறு வழி உண்டா?

பழுதுமேசை:

முதலில் 2பி பென்சில் தூளைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். குணம் தெரிந்தால் பள்ளம் கொஞ்சம்தான் இறுக்கம் என்று அர்த்தம். போதாவிட்டால் ஹார்டுவேர் கடையில் கேஸ் வெல்டிங் டிப் கிளீனர் செட் கேளுங்கள். அரம்போலச் சொரசொரப்பான மெல்லிய கம்பிகள் இருக்கும். 0.017 என்றால் 0.43 மில்லிமீட்டர். காலிப்பரில் அளந்து 0.5ஐ எடுங்கள்.

கம்பியைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கி, தலைப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்த்து, ஜியின் கீ இருக்கும் திசையிலேயே நாலைந்து இழுப்பு. அடியைத் தொடாதீர்கள், பக்கச் சுவர்களை மட்டும். ஒவ்வொரு முறையும் கம்பியைப் போட்டுச் சுருதி சேர்த்து அமுக்கிப் பாருங்கள். கம்பியின் பாதித் தடிமன் பள்ளத்துக்கு வெளியே தெரிய வேண்டும். கீயில் இரண்டு மூன்று சுற்று போதும்.

ஆழம் பார்க்க, இரண்டாம் மூன்றாம் பிரெட்டுக்கு நடுவில் அமுக்கிக்கொண்டு முதல் பிரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு, சுமார் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் திறந்த கம்பி ‘ஸ்ஸ்’ என்று அடிக்கும். பள்ளம் ஆழமாகிவிட்டது என்று அர்த்தம். எலும்பு நட்டாக இருந்தால் பள்ளத்தில் சமையல் சோடா நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விடுங்கள், உடனே கல்லாகிவிடும். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், க்ளூ பாலிஷைத் தின்றுவிடும். பிறகு அதே 0.5ஆல் முதலிலிருந்து, இந்த முறை மெதுவாக.