திருச்செந்தூர் ரேக்குக்காகக் காத்திருந்த மாலை

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் பல ஆண்டுகள் சீசன் டிக்கெட்டில் சென்று வந்தவன் நான். 2012-இல் தென்காசி வரை அகலப்பாதை முடிந்ததும் பேருந்தை விட்டு ரயிலுக்கு மாறியவர்களில் நானும் ஒருவன். ஒரு வைகாசி விசாகத்தன்று மாலை, எங்கள் செங்கோட்டை வண்டி நிற்க வேண்டிய நடைமேடை காலியாகக் கிடந்தது. திருச்செந்தூரிலிருந்து பக்தர்களை ஏற்றி வரும் ரேக்தான் (ஒரு வண்டியாகக் கோத்த பெட்டித் தொடர்) அடுத்து எங்களுக்கும் வண்டி என்றும், ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்கு வழிவிட்டு அது நாசரேத்தில் நிற்கிறது என்றும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து வந்த வண்டியிலிருந்து சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளும் ஈரத் துண்டுகளுமாக இறங்கியவர்கள் இறங்கி முடிக்கும் முன்பே நாங்கள் ஏறத் தொடங்கிவிட்டோம். பெட்டிகளைக் கூட்டவோ தண்ணீர் நிரப்பவோ நேரமில்லை. யார்டில் அத்தனை பெட்டிகள் நிற்க, எங்களுக்கென்று ஒரு ரேக் ஒதுக்கக் கூடாதா என்று அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

மறுமொழி, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரான உறுப்பினர் ஒருவர்:

ஐயா, உங்கள் கோபம் நியாயமானதே. வேறொரு ஊரில் பெட்டிப் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில், யார்டுக்கு உள்ளே நின்று பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு திருவிழாவுக்கு எங்களிடம் இரண்டு பொதுப்பெட்டிகள் கூடுதலாகக் கேட்டார்கள். பெட்டிக்கு 90 இருக்கைகள். திருவிழா நாளில் அதைப்போல் இரு மடங்கு ஆட்கள் ஏறுவார்கள். யார்டில் நின்றவற்றில் ஒன்று சக்கரக் கோளாறால், பழுதான பெட்டிகளை நிறுத்தும் சிக் லைனில் கிடந்தது. இன்னொன்று 18 மாதக் கெடு முடிந்து, முழுப் பழுதுபார்ப்புக்காகப் பொன்மலைப் பணிமனைக்குப் போகக் காத்திருந்தது. கெடு தாண்டிய பெட்டியை ஓட்ட எவரும் கையெழுத்திட மாட்டார்கள். மற்றவற்றில் ஒன்றைத் தவிர எல்லாம் புதிய வகையான எல்எச்பி பெட்டிகள், அவற்றின் இணைப்பானே வேறு என்பதால் பழைய வகையான ஐசிஎஃப் ரேக்கில் நேரடியாகக் கோக்க முடியாது. ஆக, நாற்பது பெட்டிகள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கைக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான்.

தனி எஞ்சின் தேவைப்படாத மின்சார வண்டியான மெமு வந்தால் எல்லாம் சரியாகும் என்று பலர் எழுதுகிறார்கள். எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலை மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் வழக்கமான மெமுவை நான்கு நான்கு பெட்டிகளாகத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். கூட்டத்துக்கு ஏற்ப ஒரு பெட்டி மட்டும் சேர்ப்பது அதில் நடக்காது.

அந்த ஒற்றைப் பெட்டியைக் கோயில் வண்டியில் சேர்த்தோம். எங்கள் ஊரிலும் ரேக் ஒன்று, தடம் இரண்டு என்பதால், அதே பெட்டி மாலையில் மற்றத் தடத்துக்கும் போனது. அங்கே சிறு நிலையங்களில் நடைமேடை அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கடைசிப் பெட்டியில் இருந்த பெண்கள் கைக்குழந்தைகளோடு ஜல்லியில் இறங்கினார்கள். மறுநாள் வந்த புகார்க் கடிதம், ஏன் பெட்டியைக் கூட்டினீர்கள் என்று கேட்டது.