புதுப்பிப்பு: அப்பா அம்மாவுடன் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ பார்த்தாயிற்று

எழுபதைக் கடந்த பெற்றோரை ராக் கச்சேரிப் படத்துக்கு அழைத்துச் செல்லலாமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். காதுக்குப் பஞ்சு கொண்டுபோகும்படி பலரும் சொன்னீர்கள். கொண்டுபோனோம், அம்மாவின் கைப்பையை விட்டு அது வெளியே வரவே இல்லை.

1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் டாக்கிங் ஹெட்ஸ் குழு நடத்திய கச்சேரிகளை ஜொனாதன் டெம்மி படமாக்கி, 1984இல் வெளிவந்தது இது. வெறும் மேடைக்கு டேவிட் பர்ன் ஒரு கிட்டாரும் டேப் ரெக்கார்டருமாகத் தனியே வந்து பாடத் தொடங்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்ள, கறுப்பு உடை அணிந்த பணியாளர்கள் டிரம்ஸ் வைத்த மேடையை நம் கண்ணெதிரிலேயே தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்த அப்பா, “பந்தல் போடுவதிலிருந்தே காட்டுகிறார்களே!” என்று வியந்தார். அதன்பின் இருக்கையின் கைப்பிடியில் அவருடைய விரல்கள் தாளம் போடுவதை நிறுத்தவில்லை (சபாக்களில்கூட இவ்வளவு உற்சாகத்தை நான் கண்டதில்லை). அம்மாவுக்கோ பர்னின் பிரம்மாண்டமான கோட்டின்மீதுதான் கண். தையற்காரர் அளவெடுக்க மறந்துவிட்டாரா என்று என் காதில் கேட்டார்.

வீடு திரும்பும் வழியில், அந்தக் குழுவின் டீனா வேமத் வாசித்த கருவியின் பெயரை அப்பா இருமுறை கேட்டுக்கொண்டார்: பேஸ் கிட்டார்.