அட்வா தோல்விக்குப் பராத்தியேரி ஒருவரே பொறுப்பா?

கேள்வி:
இளமையில் இத்தாலிய ஒருங்கிணைப்புக்குப் போராடிய கரிபால்டியின் ஆயிரவர் படையுடன் சிசிலிக்குச் சென்றவரும், 1894இல் சூடானின் கஸ்ஸலா நகரை அந்நாட்டு மஹ்தி இயக்கப் படையினரிடமிருந்து கைப்பற்றியவருமான இத்தாலிய ஜெனரல் ஒரெஸ்தே பராத்தியேரி, 1896 மார்ச் 1 அன்று எத்தியோப்பியாவின் அட்வாவில் தம்மைவிடப் பன்மடங்கு பெரிய படையை நோக்கி முன்னேறியது ஏன்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ரோமின் நெருக்குதலே முதற்காரணம் என்பது என் கருத்து. இத்தாலியப் பிரதமர் கிரிஸ்பி பிப்ரவரி 25 அன்று அனுப்பிய தந்தியில், இது போரே அல்ல, இராணுவ எலும்புருக்கி நோய் என்று ஏளனம் செய்திருந்தார். உணவுக் கையிருப்பும் சில நாள்களுக்கே இருந்ததால் பின்வாங்கவே எண்ணிய பராத்தியேரி, படைப்பிரிவுத் தளபதிகள் ஒருமுகமாகத் தாக்குதலை வலியுறுத்தியதும் இணங்கிவிட்டார்.

மறுமொழி 2:
நெருக்குதல் இருந்தது உண்மைதான். ஆயினும் இரவில், மலைப்பாதைகளில், பிழையான வரைபடத்தை நம்பிப் படையைப் பிரித்து அனுப்பியது அவருடைய முடிவு. கிதானே மெரெத் குன்று அதில் தவறான இடத்தில் குறிக்கப்பட்டிருந்ததால், படைப்பிரிவுத் தளபதிகளில் ஒருவரான அல்பெர்த்தோனேயின் பிரிவு மற்றவர்களை விட்டு வெகுதூரம் விலகிச் சென்று தனியே சிக்கியது. நவீனத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் வைத்திருந்த எத்தியோப்பியப் பேரரசர் மெனெலிக்கின் படை, இத்தாலியப் பிரிவுகளை ஒவ்வொன்றாக முறியடித்தது. இத்தாலியப் படையில் இருந்து சிறைப்பட்ட எரித்ரியச் சிப்பாய்கள் பலருடைய வலக்கையும் இடக்காலும் வெட்டப்பட்டதை இத்தகைய விவாதங்களில் ஏனோ மறந்துவிடுகிறோம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அவர் தண்டிக்கப்பட்டாரா?

மறுமொழி 2:
இல்லை. அதே ஆண்டு ஜூனில் எரித்ரியாவின் அஸ்மாராவில் கூடிய இத்தாலிய இராணுவ நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் இத்தனை கடினமான பொறுப்பைத் தகுதியற்றவரிடம் ஒப்படைத்ததற்கு வருந்துவதாகத் தீர்ப்பிலேயே எழுதியது. பணியிலிருந்து விலகிய அவர் 1901இல் இறந்தார்.