ரோத் ரிலேல நீச்சலுக்கு ஆள் இல்லைன்னு என்னைக் கூப்பிடுறாங்க, போலாமா?

கிணத்துநீச்சல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் நியூரம்பெர்க்ல வேலை பாக்குறேன், வந்து நாலு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல கூட இருக்குற ரெண்டு பேரு ஜூலைல பக்கத்துல ரோத்ங்கற ஊர்ல நடக்குற சேலஞ்ச் ரோத்துக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேந்த ட்ரையத்லான் போட்டி) ஆளுக்கு ஒண்ணா பண்ற ரிலே டீமா பேரு குடுத்திருக்காங்க, ஒருத்தர் 180 கிலோமீட்டர் சைக்கிள், இன்னொருத்தங்க 42 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலுக்கு இருந்தவருக்கு தோள்பட்டை போயிடுச்சு. நேத்து கேன்டீன்ல தட்டோட வந்து பக்கத்துல உக்காந்து "நீதான் வாரம் மூணு நாள் நீந்துறியே, வர்றியா"ன்னு கேட்டுட்டாங்க. யோசிச்சு சொல்றேன்னு சொல்லிட்டேன், ராத்திரி தூக்கமே வரல.

சின்ன வயசுல தென்காசி பக்கம் தாத்தா தோட்டத்து கிணத்துல சுரைக்குடுக்கை கட்டி கத்துக்கிட்ட நீச்சல் என்னோடது. தண்ணிக்குள்ள மூச்சு விட்டு ஒழுங்கா ஃப்ரீஸ்டைல் அடிக்க கத்துக்கிட்டதெல்லாம் இங்க வந்துதான். இப்போ 50 மீட்டர் குளத்துல 2000 மீட்டர் நிக்காம 50 நிமிஷத்துல போவேன், அதுக்கு மேல போனதில்ல. ரோத்ல 3.8 கிலோமீட்டர். பதினோரு வாரம் இருக்கு. இந்த ஊரு ஏரில ஒரு தடவ கூட இறங்கினதில்ல, குளிருக்கு போடுற ரப்பர் நீச்சல் உடை, அந்த வெட்சூட்டும் போட்டதில்ல.

ஆனா தூரத்த விட எனக்கு வேற பயம். அவங்க ரெண்டு பேரும் குளிர்காலம் பூரா பேஸ்மென்ட்ல சைக்கிள் மிதிச்சு, பனில ஓடி தயாரானவங்க, நான் தண்ணில பாதில கைய தூக்கிட்டா அவங்க ஆரம்பிக்கவே முடியாது. "சும்மா ஜாலிக்குத்தான்"னு சொல்றாங்க, அந்த ஜாலிக்கு அவங்க வச்சிருக்குற அளவு என்னன்னு எனக்கு பிடிபடல. அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க.

கால்வாய்க்கரை:

தம்பி, நான் அங்க ரெண்டு வருஷம் ரிலேல நீச்சல் பண்ணிருக்கேன். முதல்ல கணக்கு போடுவோம். 2000 மீட்டர் 50 நிமிஷம்னா 100 மீட்டருக்கு ரெண்டரை நிமிஷம், 3800க்கு 95 நிமிஷம். இது கேவலமான நேரம் கிடையாது, தைரியமா வெளிய சொல்லலாம். கட்-ஆஃப் நேரத்த, அதாவது அதுக்குள்ள முடிக்கணும்ங்கற கெடுவ மட்டும் இந்த வருஷ அத்லெட் கைடுல பாத்துக்கோங்க.

அடுத்தது இடம். இது கடல் இல்ல, மைன்-டோனாவ் கனால், ஹில்போல்ட்ஸ்டைன் பக்கம். அன்னைக்கு கப்பல் எல்லாம் நிறுத்திடுவாங்க. அலை கிடையாது, இழுப்பு கிடையாது, நேரா கோடு போட்ட மாதிரி வெட்டின தண்ணி, சுமார் 55 மீட்டர் அகலம். மூச்சு எடுக்கும்போது கரை கண்ணுல படும், அத வச்சே நேரா போயிடலாம். நீங்க எந்தப் பக்கம் மூச்சு எடுக்குறீங்க? ஒரே பக்கம்னா இன்னைல இருந்து மறுபக்கமும் பழகுங்க, ஏன்னா போற வழில ஒரு பக்கம் கரை, வர்ற வழில சூரியன் மூஞ்சில அடிச்சா அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் மனச தயார் பண்ணிக்கோங்க, அடில கறுப்பு கோடு இருக்காது. பச்சையா இருக்கும், நீட்டுன உங்க கையே மங்கலாத்தான் தெரியும். குளத்துலயே பழகினவங்க இதுலதான் மிரளுவாங்க. நீங்க கிணத்துல குதிச்ச ஆளு, அடி தெரியாத தண்ணி உங்களுக்கு புதுசில்ல, இத நான் ஆறுதலுக்கு சொல்லல, நெஜமாவே பெரிய விஷயம்.

பேரு மாத்துறதுக்கு கடைசி தேதி இருக்கும், டீம் கேப்டன நாளைக்கே கேக்க சொல்லுங்க. பணத்துல உங்க பங்கு எவ்வளவுன்னும் அப்பவே பேசிடுங்க.

மூணாவதுஆள்:

நான் அதே ரேஸ்ல ரிலே டீமுக்கு ஓடினவ, அதனால காத்துக்கிட்டு இருக்குற பக்கத்துல இருந்து சொல்றேன். மெதுவா வர்றது பிரச்சினையே இல்ல. எப்ப வருவாங்கன்னு தெரியாம நிக்கறதுதான் கொடுமை. எங்க சைக்கிள்காரர் அஞ்சேகால் மணி நேரத்துல வந்துடுவேன்னு சொல்லிருந்தாரு, வந்தது ஆறு மணி நேரம் தாண்டி. நான் அஞ்சு மணி நேரத்துலயே வாழைப்பழம், ஜெல் எல்லாம் சாப்பிட்டு, ஷூ லேஸ இறுக்கி கட்டி வெயில்ல நின்னுட்டேன். ஓட ஆரம்பிக்கும்போதே வயிறு காலி, கால் ரெண்டும் மரத்து போயிருந்துச்சு. ஆறு மணி நேரம் ஆகும்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிருந்தா நிழல்ல படுத்திருப்பேன்.

ரிலேக்கு ஸ்டார்ட் கடைசிலதான். ஒன்பது மணின்னு வச்சுக்கோங்க, நீங்க 95 நிமிஷம், அவரு ஆறு மணி நேரம், அப்போ உங்க டீம்ல ஓடுறவங்க சாயங்காலம் நாலரைக்குத்தான் ஓட ஆரம்பிப்பாங்க. முடியும்போது இருட்டு நெருங்கிடும். இத தாள்ல எழுதி மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பாருங்க, ஜாலின்னா என்னன்னு அப்போ தெரிஞ்சிடும். நீங்க 95 நிமிஷம்னு சொல்லும்போது அவங்க மூஞ்சி மாறினா இப்பவே விலகிடலாம், மாறலன்னா கண்ண மூடிட்டு போங்க. கடைசி கொஞ்ச தூரம் மூணு பேரும் சேந்து ஸ்டேடியத்துக்குள்ள ஓடுவீங்க பாருங்க, நான் அன்னைக்கு அழுதுட்டேன்.

கிணத்துநீச்சல்:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. நீங்க சொன்ன மாதிரியே கணக்க எழுதி காட்டினேன். சைக்கிள்காரரு பாத்துட்டு "95ஆ, நல்லது, நான் 110ன்னு நினைச்சிருந்தேன்"ன்னாரு. ஓடுறவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, தலைல மாட்டுற லைட் வாங்கணுமான்னு. அவ்ளோதான். பேரு மாத்தியாச்சு. இப்போ வெட்சூட் பத்தி சொல்லுங்க, இங்க எல்லாரும் அத நியோ நியோங்கறாங்க.

ஏரிக்காரன்:

நியோவ ரேஸ் அன்னைக்கு முதல் தடவையா போட்டுடாதீங்க. நான் முதல் வருஷம் ஒருத்தர்கிட்ட கடன் வாங்கி போட்டேன், ஒரு சைஸ் பெருசு, ஒவ்வொரு கை வீச்சுக்கும் கழுத்து வழியா ஜில்லு தண்ணி உள்ள இறங்குச்சு, கரைக்கு வரும்போது கழுத்து பின்னாடி தோல் உரிஞ்சு ரெண்டு வாரம் காலர் வச்ச சட்டை போட முடியல. கரைல நிக்கும்போது மூச்சு முட்டுற மாதிரி இறுக்கமா இருக்கணும், தண்ணில இறங்கினா சரியாயிடும். காலுல ஒரு பிளாஸ்டிக் பைய மாட்டிட்டு நுழைச்சீங்கன்னா வழுக்கிட்டு போகும். நகத்தால பிடிச்சு இழுக்காதீங்க, கிழிஞ்சிடும், விரல் நுனியால கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்துங்க. தண்ணி 24.5 டிகிரிக்கு மேல போனா நியோவுக்கு அனுமதி இல்ல, அதனால அது இல்லாமலும் தூரத்த முடிக்கிற தெம்பு வேணும்.

மே கடைசில ரோத்ஸே ஏரிக்கு போங்க, தனியா மட்டும் போகாதீங்க, கலர் மிதவை இடுப்புல கட்டிக்கோங்க. இறங்கின உடனே நீந்தாதீங்க. குளிர் பட்டதும் மூச்சு தானா வேகமா இழுக்கும், அது ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும். அதுவரைக்கும் இடுப்பளவு தண்ணில நின்னு மூஞ்சிய உள்ள வச்சு குமிழி விடுங்க. அடங்காம நீந்த ஆரம்பிச்சதாலதான் எனக்கு நடு ஏரில நெஞ்சு அடைச்சு, மல்லாந்து படுத்து வானத்த பாத்துக்கிட்டு கிடந்தேன்.

இன்னொண்ணு, உங்க பங்கு முடிஞ்சதும் நேரா ரோத்துக்கு கிளம்பிடாதீங்க. சைக்கிள் பாதைல வர்ற ஸோலாரர் பெர்க் ஏத்தம் ஹில்போல்ட்ஸ்டைன்லயேதான் இருக்கு. ரெண்டு பக்கமும் ஜனம் நெருக்கி நடுவுல ஒரு சைக்கிள் போற அளவுக்குத்தான் வழி விடும். உங்க ஆளு முதல் சுத்துல அங்க ஏறும்போது நீங்க நிக்கணும். அப்புறம் க்ரெடில்பான் ரயிலப் புடிச்சு ரோத் போயிடலாம்.

கிணத்துநீச்சல்:

ஜூன் ரெண்டாவது வாரம், ஒரு அப்டேட். ரோத்ஸேக்கு மூணு தடவ போயாச்சு. முதல் தடவ ஏரிக்காரன் அண்ணா சொன்ன அதே மூச்சு வந்துச்சு, குமிழி விட்டு நின்னேன், அடங்குச்சு. நேத்து 3200 மீட்டர், 81 நிமிஷம். அடி தெரியாத தண்ணில போகப் போக தாத்தா கிணத்து பாசி வாசனை ஞாபகம் வந்துச்சு, பயம் வரல.

சைக்கிள்காரரும் கூட வந்திருந்தாரு, கரைல துண்டோட நின்னாரு. ரேஸ்ல நேரம் பதியுற சிப்ப கணுக்கால் பட்டைலதான் கட்டுவாங்க, அத கழட்டி அவரு கால்ல மாத்தணும். ஒரு பழைய வெல்க்ரோ பட்டைய வச்சு பழகிப் பாத்தோம். விரல் விறைச்சு போய் எனக்கு கழட்டவே வரல, அவரே குனிஞ்சு என் கால்ல இருந்து பிச்சு எடுத்து தன் கால்ல ஒட்டிக்கிட்டாரு. ஆறேழு தடவ திரும்பத் திரும்ப பண்ணினோம். நான் அசையாம நிக்கணும், அவருதான் கழட்டணும்னு முடிவு. வர்ற ஞாயித்துக்கிழம ஓடுறவங்களும் வர்றாங்க, அன்னைக்கு முழு 3800.