கருதுகோள் சோதனை எங்கே சறுக்குகிறது: வடசென்னை ஆய்வுக் களங்களிலிருந்து

ராயபுரம், மருத்துவப் புள்ளியியல்

ஆய்வேட்டுக் காலம் நெருங்கிவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மருத்துவ மேற்படிப்பு படிப்பவர்களும் சரி, எண்ணூர், மணலியில் சூழல் ஆய்வு செய்பவர்களும் சரி, தரவு முழுவதையும் சேர்த்து முடித்த பிறகுதான் "எந்த டெஸ்ட் போடலாம்?" என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் அதற்கு நல்ல பதில் சொல்வது பெரும்பாலும் முடியாத காரியம். பி மதிப்புக்கு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ தற்செயலாக வரும் வாய்ப்பு) அர்த்தம் இருக்குமா இல்லையா என்பது முதல் மாதிரியை எடுக்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அவரவர் துறையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் கோளாறுகளை எண்களோடு எழுதுங்கள். மாதிரி அளவிலிருந்து தொடங்கி வைக்கிறேன்.

இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட, ஒரு குழுவுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். திட்ட விலக்கத்தை (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பது), கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 16ஆல் பெருக்க வேண்டும். இருபக்கச் சோதனை, 5% மிகைகாண் நிலை (சிக்னிஃபிகன்ஸ்: இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), 80% திறன் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. அந்த 5%க்கும் 80%க்கும் உரிய அட்டவணை எண்கள் 1.96, 0.84 இரண்டையும் கூட்டினால் 2.8. அதன் வர்க்கம் 7.84, இரு மடங்கு 15.68. அந்த 16 இப்படித்தான் வருகிறது.

கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்ளுங்கள். திட்ட விலக்கம் 1.5 கிராம், எதிர்பார்க்கும் வித்தியாசம் 1 கிராம் என்றால் குழுவுக்கு 36 பேர். வித்தியாசம் அரை கிராம்தான் என்றால் 144 பேர். பாதியில் நிற்பவர்கள் 15% இருப்பார்கள் என்று தெரிந்தால் 36ஐ 0.85ஆல் வகுத்து 43 பேரைச் சேர்க்க வேண்டும். பலர் 36உடன் அதன் 15 சதவீதத்தைக் கூட்டி 41 என்று நிறுத்திவிடுகிறார்கள். 41 பேரில் 15% கழிந்தால் மிஞ்சுவது 35 பேர்தான்.

மூன்று மாதத்தில் 30 நோயாளிகள்தான் கிடைப்பார்கள் என்று தெரிந்துகொண்டு, 30 வரும்படி வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது இன்னொரு பழக்கம். சிகிச்சையில் எவ்வளவு மாற்றம் வந்தால் நோயாளிக்குப் பயன் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதைச் சூத்திரத்திலிருந்து பின்னோக்கி எடுக்கக் கூடாது.

எண்ணூர், கடல்சார் சூழலியல்

கழிமுக ஆய்வுகளில் முதல் இடம் போலி மாதிரிப் பெருக்கத்துக்குத்தான். கொசஸ்தலையாற்றில் சாம்பல் கழிவு சேரும் பக்கம் மூன்று தளங்கள், தள்ளி மூன்று தளங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து சேற்று மாதிரி எடுத்து ஈயத்தின் அளவைப் பார்க்கிறார்கள். பிறகு 30க்கு 30 என்று டி சோதனை (இரு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போடுகிறார்கள். பி மதிப்பில் பூஜ்யங்களாக வந்து நிற்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் கழிவின் தாக்கம் பற்றிய கேள்விக்கு அங்கே இருப்பவை மூன்றுக்கு மூன்று தளங்கள்தான். ஒரே பானையிலிருந்து பத்துச் சோறு எடுத்துப் பார்த்தால் அந்தப் பானையின் பதம் தெரியும், பத்துப் பானையின் பதம் தெரியாது.

எவ்வளவு ஏமாறுகிறோம் என்று கணக்கிட வழி இருக்கிறது. ஒரே தளத்து மாதிரிகளுக்கு இடையிலான ஒற்றுமைக் கெழு 0.5 என்று வைத்துக்கொள்வோம். தளத்துக்கு 10 மாதிரி என்றால் பெருக்கக் காரணி 1 + (9 × 0.5) = 5.5. முப்பது மாதிரியை 5.5ஆல் வகுத்தால் ஐந்தரை மாதிரிக்குரிய தகவல்தான் மிச்சம். ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984இலேயே தம் துறையினருக்கு இதை விரிவாக எடுத்துச் சொன்னார். இன்றும் தொடர்கிறது.

சரிசெய்ய இரண்டு வழி. தளத்துக்கு ஒரு சராசரி எடுத்து, சராசரிகளை மட்டும் சோதிக்கலாம். அல்லது தளத்துக்குத் தளம் உள்ள மாறுபாட்டையும் கணக்கில் சேர்க்கும்படி, தளத்தை ரேண்டம் எஃபெக்டாக வைத்துக் கலப்பு மாடல் பொருத்தலாம், ஆனால் மூன்று மூன்று தளங்களை வைத்துக்கொண்டு அதுவும் நொண்டும். அறுபது மாதிரிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஆறு தளத்தில் பத்துப் பத்து எடுப்பதைவிடப் பன்னிரண்டு தளத்தில் ஐந்தைந்து எடுப்பது எவ்வளவோ மேல்.

ஒப்பீட்டுத் தளம் தேடிப் பழவேற்காடு போகிறவர்கள் சேற்றின் துகள் அளவையும் கவனியுங்கள். நுண்ணிய களிமண் உலோகத்தை அதிகம் பிடித்து வைக்கும், மணல் பிடிக்காது. ஒரு பக்கம் களி, மறுபக்கம் மணல் என்றால் சோதனை அளப்பது மாசை அல்ல, மண்ணின் தன்மையை. 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, அதற்குக் கீழே விழுவதை மட்டும் பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும். இந்தக் குறையைத் தரவு கைக்கு வந்த பிறகு எந்தச் சோதனையாலும் தீர்க்க முடியாது.

திருவொற்றியூர், ஆய்வு மாணவர்

அண்ணா, தளத்துக்கு ஒரு சராசரி என்று சுருக்கினால் மூன்றுக்கு மூன்றுதான் மிஞ்சுகிறது. இயல்நிலைப் பரவல் (மணி வடிவச் சிதறல்) இருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது. மான்-விட்னி (அளவுகளுக்குப் பதில் அவற்றின் வரிசையை ஒப்பிடும் சோதனை) போடலாமா?

எண்ணூர், கடல்சார் சூழலியல்

வேண்டாம் தம்பி. ஆறு எண்களை மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழி. கழிவுப் பக்கத்து மூன்றும் மற்ற மூன்றையும்விடப் பெரியதாக இருந்தால்கூட இருபக்க பி மதிப்பு 2/20, அதாவது 0.1. அதற்குக் கீழே இறங்கவே இறங்காது. நான்குக்கு நான்கு என்றால் 70 வழி, ஆகக் குறைந்த பி 2/70, ஏறக்குறைய 0.029. புள்ளியியலாளர் ஃபிஷர் எட்டுக் கோப்பைத் தேநீரை நான்கு நான்காகப் பிரிப்பதை வைத்து விளக்கிய சோதனையும் இதே 70தான். நான்கு என்பது விளிம்பு என்று வைத்துக்கொண்டு ஆறு தளத்துக்குத் திட்டம் போடுங்கள். படகுக்காரரிடம் தேதி பேசும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

மணலி, காற்றுத் தரம்

காற்றுத் தரவில் சிக்கல் இடத்தில் இல்லை, நாளில் இருக்கிறது. ஆலையில் புதிய வடிகட்டி பொருத்துவதற்கு முன் 90 நாள், பின் 90 நாள் என்று பிஎம் 2.5 (நுண்தூசு) அளவை எடுத்து டி சோதனை போடுகிறார்கள். இன்று தூசு அதிகம் என்றால் நாளையும் அதிகமாக இருக்கவே வாய்ப்பு. அடுத்தடுத்த நாட்களின் தொடர்புக் கெழு 0.6 என்றால் உண்மையான நாட்கள் 90 × (1 − 0.6) ÷ (1 + 0.6), அதாவது 22 சொச்சம். திட்டப் பிழை (சராசரியில் உள்ள நிச்சயமின்மை) இரண்டு மடங்கு. சாதாரணச் சோதனையில் 3 என்று வந்த டி மதிப்பு 1.5 ஆகிவிடும்.

"பின்" என்ற 90 நாள் வடகிழக்குப் பருவமழையில் விழுந்தால் மழையே தூசைக் கழுவிவிடும், பெயர் வடிகட்டிக்குப் போகும். ஆலையின் தாக்கம் எட்டாத இன்னொரு நிலையத்தின் அளவை அதே தேதிகளுக்கு எடுத்து, நாளுக்கு நாள் கழித்து, அந்த வித்தியாசத்தை வாரச் சராசரியாக்கிச் சோதியுங்கள். போகி அன்று வரும் உச்ச அளவுகளை விலகல் என்று தூக்கி எறியாதீர்கள், அவை உண்மையான புகை. அந்த நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

தேசியத் தர அளவோடு ஒப்பிடுவோருக்கு: 24 மணி நேர வரம்பான 60 மைக்ரோகிராமை ஆண்டின் 98% நேரம் தாண்டக் கூடாது, தொடர்ந்து இரண்டு நாள் தாண்டவே கூடாது. சராசரி 60க்குக் கீழே என்று ஒரு டி சோதனை காட்டுவது இந்த விதியைத் தொடவே இல்லை. ஆண்டுச் சராசரிக்கு வேறு வரம்பு, 40.

காசிமேடு, மீன்வளம்

எங்கள் பக்கத்துக் கோளாறு, ஒரே ஆய்வில் பல சோதனைகள் போடுவது. எட்டு உலோகம் × மடவை, நண்டு, இறால் என்று மூன்று இனம் = 24 சோதனை. ஒன்றிலும் உண்மையான வித்தியாசம் இல்லாவிட்டாலும், சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஏதாவது ஒன்றாவது 0.05க்குக் கீழே வர 71% வாய்ப்பு. அந்த ஒன்றை மட்டும் தலைப்பில் போட்டால் மீன் வியாபாரம்தான் அடிபடும், அறிவியலுக்கு எதுவும் சேராது. பான்ஃபெரோனி முறை (வரம்பைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுப்பது) என்றால் ஒவ்வொன்றுக்கும் வரம்பு 0.05/24, சுமார் 0.002. கடுமையாகத் தோன்றினால் 1995இல் வந்த பென்ஜமினி-ஹாக்பெர்க் முறை: பி மதிப்புகளைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் (வரிசை எண் ÷ 24) × 0.05 என்பதோடு ஒப்பிட்டு, கடைசியாக எது வரம்புக்குள் வருகிறதோ அதுவரை எல்லாவற்றையும் ஏற்பது. எதைச் செய்தாலும் 24 சோதனை செய்ததை மறைக்காதீர்கள்.

கருவியால் கண்டறிய முடியாத அளவு வந்தால் பூஜ்யம் என்று நிரப்பாதீர்கள், சராசரியும் திட்ட விலக்கமும் இரண்டுமே கெடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடை. அந்த நாட்களில் சந்தையில் வாங்கும் மீன் எந்தக் கடலில் பிடித்தது என்று உறுதியில்லாமல் "காசிமேடு மாதிரி" என்று எழுத வேண்டாம்.

ராயபுரம், மருத்துவப் புள்ளியியல்

ஆய்வேடுகளில் அதிகம் தென்படும் ஒன்றை யாரும் இன்னும் சொல்லவில்லை. மருந்து ஏ கொடுத்த குழுவில் முன்பின் ஒப்பீடு பி = 0.03, மற்ற மருந்து கொடுத்த குழுவில் பி = 0.08. ஆகவே ஏ சிறந்தது என்று முடிவு. இது தவறு. இரண்டு மருந்துகளும் ஒன்றோடொன்று இன்னும் ஒப்பிடப்படவே இல்லை. இறுதி அளவை, ஆரம்ப அளவைச் சரிக்கட்டி, இரு குழுக்களுக்கும் நடுவில் நேரடியாகச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை 0.5 என்றுகூட வரலாம். கை-வர்க்கச் சோதனைக்கான (எண்ணிக்கைகளை ஒப்பிடும் சோதனை) அட்டவணையில் எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தை நிரப்புவதும் உண்டு. 20 பேரில் 10 என்பது 100 பேரில் 50 ஆகிவிடும், பி மதிப்பு பொய்யாகச் சுருங்கும்.

"வித்தியாசம் இல்லை" என்று காட்டுவது தனி வேலை. நம் ஊரிலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1959இல் வெளிவந்த மெட்ராஸ் காசநோய் ஆய்வில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, வீட்டில் வைத்தும் சானடோரியத்தில் வைத்தும் சிகிச்சை தந்து ஒப்பிட்டார்கள். வீட்டில் நெருக்கடியும் குறைந்த சாப்பாடும் இருந்தும் முடிவுகள் நெருங்கி வந்தன. கூடவே வீட்டார்க்குத் தொற்று கூடுகிறதா என்று பல ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள், அதுதான் பலம். இன்று அதே மாதிரி ஆய்வு செய்தால், எவ்வளவு குறைவு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை முதலில் எழுத வேண்டும். குழுவுக்கு 100 பேர், இரண்டிலும் 90% குணம் என்றாலும், வித்தியாசத்தின் 95% நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை) −8.3 முதல் +8.3 சதவீதப் புள்ளி. வரம்பு 10 என்றால் தேறும், 5 என்றால் தேறாது. பி மதிப்பு 1 என்பது இதில் எதையும் சொல்லாது.

இந்த வரம்பும் முதன்மை முடிவும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே ஏற வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவை ஏற்பதில்லை.

திருவொற்றியூர், ஆய்வு மாணவர்

ஐயா, குழுவுக்கு 40 பேர், ஹீமோகுளோபின் வித்தியாசம் 0.6, பி = 0.08. "சிக்னிஃபிகன்ஸை நெருங்கியது" என்று எழுதச் சொல்கிறார்கள்.

ராயபுரம், மருத்துவப் புள்ளியியல்

அப்படி எழுதாதீர்கள். திட்ட விலக்கம் 1.5 என்றால் இப்படி எழுதலாம்: "சராசரி வித்தியாசம் 0.6 கிராம்/டெசிலிட்டர், 95% நம்பிக்கை இடைவெளி −0.07 முதல் 1.27 வரை, வெல்ச் டி சோதனை, இருபக்கம், பி = 0.08. திட்டமிட்ட 1 கிராம் வித்தியாசத்தை இத்தரவு மறுக்கவும் இல்லை, நிறுவவும் இல்லை." எக்செல் பயன்படுத்தினால் டி சோதனையில் வகை 3ஐத் தேர்ந்தெடுங்கள், வெல்ச் (இரு குழுக்களின் சிதறலும் சமம் என்று கருதாத டி சோதனை) அதுதான். எஸ்பிஎஸ்எஸ்ஸில் முடிவின் இரண்டாவது வரி. ஆர் மென்பொருளில் எதையும் மாற்ற வேண்டாம், இயல்பாகவே அதைத்தான் செய்யும்.