லூட்டன் டவுன் 1935-36: பழைய நாளிதழ் தேட உதவி வேண்டும்

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. இங்கிலாந்தின் லூட்டன் டவுன் கால்பந்து கிளப்பின் 1935-36 சீசனைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்போது அவர்கள் மூன்றாம் டிவிஷனின் தெற்குப் பிரிவில் இருந்தார்கள். 1936 ஏப்ரல் 13, ஈஸ்டர் திங்கள். கெனில்வொர்த் ரோடு மைதானத்தில் பிரிஸ்டல் ரோவர்ஸை 12-0 என்று துவைத்து எடுத்தார்கள். அதில் பத்து கோல் ஜோ பெய்ன் ஒருவரே அடித்தது! இத்தனைக்கும் அவர் வழக்கமான முன்கள ஆட்டக்காரர்கூட இல்லை, ஹாஃப்-பேக் (முன்களத்துக்கும் பின்களத்துக்கும் நடுவில் ஆடுபவர்). முன்னால் ஆட ஆள் இல்லாமல் அன்று இறக்கிவிட்டார்கள். ஒரே ஆட்டத்தில் ஒருவரே பத்து கோல் என்ற அந்தச் சாதனை இங்கிலாந்து லீக்கில் இன்னும் அப்படியே நிற்கிறது.

அவ்வளவு அடித்தும் அந்த சீசனில் இரண்டாம் இடம்தான். முதலிடம் கோவென்ட்ரி சிட்டிக்கு. ஒரு பிரிவிலிருந்து ஒரே ஓர் அணிதான் மேலே, அதாவது இரண்டாம் டிவிஷனுக்கு, போக முடியும் என்பது அன்றைய விதி. கொடுமைதான். அடுத்த சீசனில் பெய்ன் 55 கோல் அடிக்க, லூட்டன் சாம்பியனாகி மேலே போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய நாளிதழ்களை இணையத்தில் படிக்கத் தரும் பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவில் யாராவது சந்தா வைத்திருக்கிறீர்களா? ஏப்ரல் 14ஆம் தேதி நாளிதழ்களில் அந்த ஆட்டத்தின் செய்தி கிடைத்தால் போதும். பத்து கோலும் எந்தெந்த நிமிடத்தில் விழுந்தன என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், ஹாஃப்-பேக்குக்கு நல்ல தமிழ்ச் சொல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். 'இடைக்காப்பாளர்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை.