98 பெட்ரோல் ஊற்றியும் பிக்கப் இல்லை, காலையில் வண்டி குலுங்குகிறது: உதவி தேவை

ஈசூன்வாசி:
வணக்கம். என் வண்டி 1.6 டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன், 7 வயது. சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமம்) முடிய இன்னும் 3 வருடம் இருக்கிறது. நாலைந்து மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போலக் குலுங்குகிறது. கார் நிறுத்துமிடச் சரிவில் மிதித்தாலும் இழுவை இல்லை. லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 9-ஐத் தாண்டவில்லை. பெட்ரோல்தான் காரணம் என்று 95-இலிருந்து 98-க்கு மாறி 3 டேங்க் ஆகிவிட்டது. ஒரு மாற்றமும் இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் திறக்காமல் வால்வு சுத்தம் செய்ய வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வண்டி இது. நடுவழியில் நின்றுவிடுமோ என்பதுதான் என் பயம்.

கடற்பாலம்:
மலேசியா பக்கம், ஜோகூரில் ஊற்றினீர்களா? அங்கே 95-ஐ நம் வண்டிகளுக்கு விற்கக் கூடாது, 97 ஊற்றலாம். என் அனுபவத்தில் 98-ஐ விட வேண்டாம். அதில் இன்ஜினைக் கழுவும் மருந்து கூடுதலாக இருக்கிறது. பொறுமையாகத் தொடருங்கள்.

ஸ்பானர் அண்ணன்:
20 வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். 95, 98 என்ற ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைச் சொல்வதில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் சொல்கிறது. 98 கேட்கும் இன்ஜினுக்கு 95 ஊற்றினால், அப்படித் தானாகப் பற்றும் அதிர்வை நாக் சென்சார் உணர்ந்து தீப்பொறியைத் தாமதப்படுத்தும், பிக்கப் குறையும். 95 போதும் என்று செய்த இன்ஜினுக்கு 98 ஊற்றினால் பெரும்பாலும் எதுவும் மாறாது.

கடற்பாலம் தம்பி சொல்லும் மருந்து சில கம்பெனிகளின் 98-இல் கூடுதலாக இருக்கலாம். ஆனால் டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்கிறது, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகை நனைப்பதே இல்லை. நனைக்காத இடத்தை எப்படிக் கழுவும்? இன்ஜெக்டர் முனைக்கு நல்லது, அவ்வளவுதான்.

ஈசூன்வாசி, பெட்ரோல் மூடியின் கதவுக்கு உள்பக்கம் என்ன எண் போட்டிருக்கிறது? இன்ஜின் விளக்கு எரிகிறதா? தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்?

ஈசூன்வாசி:
95 என்றுதான் இருக்கிறது அண்ணா. விளக்கு எரியவில்லை. ஜோகூர் போயே ஒரு வருடம் ஆகிறது. முன்பு துவாஸில் வேலை, தினமும் போக வர 60 கிலோமீட்டருக்கு மேல். 7 மாதமாக வீட்டிலிருந்தே வேலை. இப்போது வாரம் 3 நாள் டயாலிசிஸ் நிலையம், அப்புறம் மகளின் பள்ளி. இரண்டுமே 2 கிலோமீட்டருக்குள்தான்.

ஸ்பானர் அண்ணன்:
விஷயம் அங்கேதான் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் இன்ஜின் எப்படிக் குளிரும் என்று நினைப்போம். 30 டிகிரி அதற்குக் குளிர்தான், ஆயில் 90 டிகிரி வரையாவது போக வேண்டும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். எரியாத பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். துவாஸ் வரை ஓடியபோது ஆயில் சூடாகி அந்தப் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டிருந்தது. இப்போது சூடாவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறீர்கள். பிளக்கும் அப்படித்தான். அதன் முனை 450 டிகிரி அளவுக்குச் சூடானால்தான் ஒட்டிய கரியைத் தானே எரித்துக்கொள்ளும்.

நாளை காலை ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். அளவைப் பாருங்கள், மோந்தும் பாருங்கள்.

ஈசூன்வாசி:
பார்த்தேன். மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறி நிற்கிறது. நான் ஆயில் ஊற்றவே இல்லை! டிஷ்யூவில் வைத்தால் தண்ணீர் போலப் பரவுகிறது, பெட்ரோல் வாடை நன்றாகவே தெரிகிறது.

உட்லண்ட்ஸ் அக்கா:
அப்படியே ஓட்டாதீர்கள் தம்பி, ஆயில் நீர்த்தால் டர்போவின் பேரிங் தேயும். என் வண்டிக்கும் இதே கதைதான். சூடாகட்டும் என்று நிறுத்தி வைத்தே 10 நிமிடம் ஓடவிடுவேன். அது இன்னும் மோசம், கரிதான் சேரும். நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றமும்கூட. அரை நிமிடத்தில் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் மெதுவாக மிதித்துப் போங்கள்.

ஸ்பானர் அண்ணன்:
முதலில் ஆயில், ஃபில்டர், பிளக் மூன்றையும் மாற்றுங்கள். ஆயில் மாற்ற இனி 10,000 கிலோமீட்டர் கணக்கு வேண்டாம். 5,000 அல்லது 6 மாதம், எது முன்னால் வருகிறதோ அது. வாரம் ஒரு நாள் விரைவுச்சாலையில் 40 நிமிடமாவது ஓடட்டும். 95-க்கே திரும்பிவிடுங்கள்.

ஈசூன்வாசி:
3 வாரம் கழித்து எழுதுகிறேன். கழற்றிய 4 பிளக்கில் இரண்டின் முனை அடுப்புக்கரி போல இருந்தது. மாற்றிய மறுநாளே குலுக்கல் நின்றது. சரிவில் பழையபடி ஏறுகிறது. ஞாயிறுதோறும் சிலேத்தார் விரைவுச்சாலை வழியாகச் சுற்றித் தேக்காவுக்குப் போய்க் காய்கறி வாங்குகிறோம். அப்பாவுக்கு அதில் அத்தனை மகிழ்ச்சி, சனிக்கிழமையே பட்டியல் போட்டுவிடுகிறார். லிட்டருக்கு 11 வருகிறது. பழைய 13 வராதா அண்ணா? வால்வும் சுத்தம் செய்ய வேண்டுமா?

ஸ்பானர் அண்ணன்:
2 கிலோமீட்டர் ஓட்டத்தில் 13 வராது, 11 நல்ல கணக்குதான். வால்வை இப்போது தொட வேண்டாம். குலுக்கல் திரும்பினால் கேமரா விட்டு வால்வைக் காட்டச் சொல்லுங்கள். கரியைக் கண்ணால் பார்த்த பிறகு காசைப் பற்றிப் பேசலாம். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.